ஸ்கேன் மிஷின் மாறப்போகிறதா? பல ஆண்டு மூளை ஆய்வைக் காப்பாற்றும் முழுமையான வழிகாட்டி

ஆய்வின் மூன்றாம் ஆண்டில் எங்கள் பட்டியலில் இருந்த முதியவர்கள் பலருக்கு மூளை வளர்ந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டி, மறதி என்று வந்தவர்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி போன வருடத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்றது கணக்கு. புதிதாக மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, மதுரையில் வழக்கமாகப் படம் எடுத்துவந்த எம்ஆர்ஐ ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டேன். "ஆமாண்ணே, சித்திரைத் திருவிழா வாரத்துல கூட்டம் கம்மியா இருக்கும்னு அப்கிரேட் பண்ணிட்டாங்க. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார் டெக்னீஷியன்.

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. கட்டியோ கசிவோ பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவருக்குப் புது மிஷின் நல்ல செய்திதான். ஒரே ஆளை வருடாவருடம் அளந்து வித்தியாசம் பார்க்கிற நமக்கோ, கடைக்காரர் பாதி வியாபாரத்தில் தராசை மாற்றிய கதை.

அதற்குப் பிறகு இன்னொரு அப்கிரேடை ஒழுங்காகத் திட்டமிட்டுக் கடந்திருக்கிறோம். முதுநிலை மாணவர்கள் சிலர் எங்கே சறுக்குகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தும் இருக்கிறேன். கீழே இருப்பது செய்ய வேண்டிய வரிசை. வரிசையை மாற்ற வேண்டாம். வேலையில் முக்கால் பங்கு, கம்பெனி இன்ஜினியர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு எந்தப் புள்ளியியல் வித்தை வந்தாலும் அந்த முக்கால் பங்கை ஈடுகட்டாது.

1. எவ்வளவு சின்ன மாற்றத்தைத் தேடுகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஆரோக்கியமான முதியவருக்கு முழு மூளையின் அளவு வருடத்துக்கு ஏறக்குறைய அரை சதவீதம், அல்லது அதற்கும் கீழேதான் குறைகிறது. ஹிப்போகேம்பஸ் ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம். அல்சைமர் நோயில் அது மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் 3000 கன மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1 சதவீதம் என்றால் 30 கன மில்லிமீட்டர் குறைய வேண்டும். மிஷின் மாறியதால் அளவு 2 சதவீதம் கூடிக் காட்டினால் அதுவே 60. நிஜமாகச் சுருங்கிய மூளை காகிதத்தில் 30 வளர்ந்திருக்கும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

மிஷின் மாறினால் அளவு ஏன் மாற வேண்டும்? மூளை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கிரே மேட்டர் (நரம்புச் செல்கள் நிறைந்த திசு) எங்கே முடிகிறது, ஒயிட் மேட்டர் (நரம்பு இழைகள் நிறைந்த திசு) எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருள் படத்தின் வெளிச்ச வித்தியாசத்தை வைத்தே முடிவு செய்கிறது. அந்த வித்தியாசம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ எல்லைக்கோடு அரைக்கால் மில்லிமீட்டர் நகரும். மூளையின் வெளி அடுக்கான கார்டெக்ஸின் மொத்தத் தடிமனே சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான். நாம் எடுக்கும் படத்தின் ஒரு கட்டம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கை உங்கள் ஆய்வுக்கு நீங்களே போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மிஷின் நகர்வு எவ்வளவு வரை தாங்கும் என்று பின்னால் முடிவெடுக்கும்போது இந்த எண்தான் அளவுகோல்.

2. என்ன மாறப்போகிறது என்று கேட்டுப் பிரியுங்கள்

'அப்கிரேட்' என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மென்பொருள் பதிப்பு மட்டும் மாறலாம். தலைக்கு மாட்டி சிக்னலை வாங்கும் காயில் மாறலாம்: 12 சேனல் (சிக்னல் வாங்கும் வழிகள்) போய் 20, 32, 64. கிரேடியன்ட், அதாவது படத்தில் இடத்தைக் குறிப்பதற்காகக் காந்தப் புலத்தைச் சற்றே சாய்க்கும் சுருள்கள், மாறலாம். காந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் மாற்றலாம். சீமென்ஸ் கம்பெனியின் ட்ரையோ மாடலை பிரிஸ்மா ஃபிட்டாக மாற்றுவது இந்த வகை. காந்தம் அதே காந்தம், ஆனால் கிரேடியன்ட் மீட்டருக்கு 45 மில்லிடெஸ்லாவிலிருந்து 80-க்குப் போய்விடும். கடைசியாக, 1.5 டெஸ்லா (காந்தத்தின் பலம்) மிஷினைத் தூக்கிவிட்டு 3 டெஸ்லா கொண்டுவருவது.

ஏன் பிரிக்க வேண்டும்? ஒவ்வொன்றும் வேறு இடத்தில் அடிக்கும். காயில் மாறினால் படத்தின் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வெளிச்சச் சமநிலை மாறும். கிரேடியன்ட் மாறினால் தலையின் வடிவமே இம்மி நீளும் அல்லது வளையும், டிஃப்யூஷன் (திசுவில் தண்ணீர் பரவும் வேகம்) அளவுகள் அதிகம் ஆடும். டெஸ்லா மாறினால் திசுக்களின் டி1 நேரமே (கலைந்த சிக்னல் பழைய நிலைக்கு மீளும் நேரம்) வேறாகிவிடும்.

எல்லா அப்கிரேடும் ஆய்வைக் கெடுத்துவிடும் என்றும் இல்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மிஷினில் மறுபடி எடுத்தபோது கார்டெக்ஸ் தடிமன் சராசரியாக 0.03 மில்லிமீட்டருக்குள்தான் ஆடியது. கம்பெனி மாறினால் 0.15, 1.5 டெஸ்லாவுக்கும் 3 டெஸ்லாவுக்கும் இடையே 0.17. ஆனால் அதே ஆய்வில், ஒரே கம்பெனியின் பெரிய அப்கிரேட் ஒன்று குறிப்பிடத்தக்க நகர்வைக் காட்டவில்லை. ஆக, பயப்படுவதும் அலட்சியமாக இருப்பதும் இரண்டுமே ஊகம். அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்கள் செய்யும் தவறு: "சாஃப்ட்வேர் மட்டும்தான் சார்" என்றதும் நிம்மதியாகிவிடுவது. படத்தைக் கட்டும் கணக்கு முழுக்க அந்த சாஃப்ட்வேருக்குள்தான் இருக்கிறது.

3. தேதியை வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள்

சென்டரின் முதலாளிக்கோ தலைமை மருத்துவருக்கோ ஒரு கடிதம் கொடுங்கள்: மென்பொருள், காயில், எந்தப் பெரிய பழுது என்றாலும் ஆறு வாரம் முன்பு தெரிவிக்க வேண்டும் என்று. இதை ஆய்வு தொடங்கும்போதே ஒப்பந்தத்தில் சேர்ப்பது நல்லது. ஆறு வாரம் எதற்கு என்றால், கீழே 5-ஆவது, 6-ஆவது படிகளுக்கு அவ்வளவு நாள் பிடிக்கும்.

கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமாகத் தகவல் வருவது டெக்னீஷியனிடமிருந்துதான். அவர் போன் நம்பர் உங்களிடமும், உங்கள் நம்பர் அவரிடமும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை டீ குடிக்கப் போய் வாருங்கள். வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதை ஒட்டித்தான் கம்பெனிக்காரர்கள் அப்கிரேட் பேச்சை எடுப்பார்கள்.

அப்கிரேடைத் தள்ளிப்போடச் சொல்லலாமா? பெரிய ஆய்வுகள் அப்படிச் செய்கின்றன. பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2014-இல் ஸ்கேன் வேலையைத் தொடங்கியபோது, எல்லா மையத்திலும் ஒரே மாடல் 3 டெஸ்லா ஸ்கைரா, ஒரே 32 சேனல் காயில் என்று வைத்துக்கொண்டு, பெரிய மாற்றம் எதுவும் கூடாது என்பதையே கொள்கையாக்கியது. அவர்களுக்கு மிஷின் சொந்தம். நாளுக்கு இத்தனை கேஸ் பார்த்தால்தான் கடன் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் தனியார் சென்டர் நமக்காகக் காத்திருக்காது. ஒரு மாதம் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் லாபம்.

4. பழைய மிஷினின் ஜாதகத்தை எழுதி வையுங்கள்

அப்கிரேட் முடிந்த மறுநாள் பழைய அமைப்பை யாராலும் திரும்பக் காட்ட முடியாது. அதனால் முன்பே எடுங்கள்.

முதலில், கன்சோலில் உங்கள் ப்ரோட்டோகால் (ஸ்கேன் அமைப்புகளின் பட்டியல்) முழுவதையும் பிடிஎஃப் ஆக எடுக்கச் சொல்லுங்கள். எக்கோ டைம், ரிப்பிட்டிஷன் டைம், ஃபிளிப் ஆங்கிள் என்று கட்டுரையில் எழுதும் நாலைந்து எண்கள் போதாது. எல்லாப் பக்கங்களும் வேண்டும்.

அப்புறம், படத்தோடு ஸ்கேன் விவரங்களையும் சேர்த்து வைக்கும் அசல் டைகாம் கோப்புகள். நம் ஊர் சென்டர்களில் கையில் கொடுக்கும் சிடியில் சில சமயம் முக்கியப் படங்கள் மட்டுமே இருக்கும், அல்லது ஜேபெக் ஆக மாற்றியிருப்பார்கள். அது ஆய்வுக்கு உதவாது. ஹார்ட் டிஸ்க்கோடு போய், அந்தந்த வாரமே அசலை எடுத்து வருவதுதான் சரி. மிஷினில் இடம் தீர்ந்தால் பழையது தானாக அழிந்துவிடும்.

டைகாம் தலைப்பில் பார்க்க வேண்டியவை: மென்பொருள் பதிப்பு (0018,1020), மிஷின் சீரியல் எண் (0018,1000), மாடல் பெயர் (0008,1090), காயில் பெயர் (0018,1250), காந்தப் புலம் (0018,0087), படத்தின் வகை (0008,0008). இவற்றை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எடுத்து ஓர் அட்டவணையில் தானாக ஏறும்படி சின்ன நிரல் எழுதிவிடுங்கள். இது மட்டும் எங்களிடம் இருந்திருந்தால் மூளை வளர்ந்த அதிசயத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகியிருக்காது. மென்பொருள் பதிப்பு மாறிய அன்றே சிவப்பு விழுந்திருக்கும்.

இங்கே ஒரு பொறி. நோயாளியின் பெயரை மறைப்பதற்காக ஓட்டும் மென்பொருள், சீரியல் எண்ணையும் மிஷின் பெயரையும் சேர்த்தே துடைத்துவிடும். பெயரை மறைக்கும் முன் அட்டவணையை எடுத்துவிடுங்கள்.

5. பேன்டம்: வாராவாரம், அதே இடத்தில், அதே சூட்டில்

பேன்டம் என்பது அளவு தெரிந்த பொருள். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் பெரிய பேன்டம் என்றால் உள் நீளம் 148 மில்லிமீட்டர், உள் விட்டம் 190. படத்தில் அளந்து இந்த எண் வருகிறதா என்று பார்ப்பது வடிவச் சோதனை. பல சென்டர்களில் அலமாரியில் தூசி படிந்து ஒன்று கிடக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். எஃப்எம்ஆர்ஐ (மூளையின் இயக்கத்தைப் பார்க்கும் ஸ்கேன்) செய்கிறவர்களுக்கு அகர் ஜெல் உருண்டை வேண்டும். அதில் சிக்னல் நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு நடுங்குகிறது என்று பார்க்கலாம்.

அப்கிரேடுக்கு முன் குறைந்தது ஐந்தாறு முறை, வெவ்வேறு நாட்களில் எடுங்கள். ஒரே ஒரு தடவை எடுத்து வைத்தால், பிறகு வரும் வித்தியாசம் அப்கிரேடாலா அல்லது சாதாரண ஆட்டமா என்று சொல்ல முடியாது. பழைய மிஷின் தனக்குள்ளேயே எவ்வளவு ஆடும் என்பது முதலில் தெரிய வேண்டும்.

சூடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மதுரை என்பதால். தண்ணீரின் டிஃப்யூஷன் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 2 சதவீதம் கூடும். மே மாதம் பேன்டத்தைக் கார் டிக்கியில் வைத்து எடுத்துவந்து, ஏசி அறையில் அரைமணி நேரம் வைத்துவிட்டு ஸ்கேன் செய்தால், ஐந்து டிகிரி வித்தியாசத்தில் 10 சதவீதம் பிழை வந்து நிற்கும். முதல் நாள் இரவே மேக்னட் அறையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். வெப்பநிலையையும் எழுதுங்கள்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு மலிவான வழி உண்டு: ஐஸ் தண்ணீர். தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாயை, ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் மூழ்கவைத்தால், ஐஸ் இருக்கும் வரை அது 0 டிகிரிதான். அந்தச் சூட்டில் தண்ணீரின் டிஃப்யூஷன் அளவு தெரிந்த எண், நொடிக்குச் சுமார் 0.0011 சதுர மில்லிமீட்டர். ஐஸ் தீராமலும் பாத்திரம் ஒழுகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஜிகர்தண்டா ஊரில் ஐஸுக்குப் பஞ்சமா?

ஆனால் பேன்டம் சரியாக வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். பிளாஸ்டிக் உருளையில் கிரே மேட்டரும் இல்லை, ஒயிட் மேட்டரும் இல்லை. நம் மென்பொருள் எல்லைக்கோட்டை எப்படி நகர்த்தும் என்பதை அது சொல்லாது. அதற்கு ஆட்கள் வேண்டும்.

6. ஆட்கள்: முன்னும் பின்னும் அதே தலைகள்

அப்கிரேடுக்கு முன் சில வாரங்களுக்குள் ஒருமுறை, முடிந்தபின் சில வாரங்களுக்குள் ஒருமுறை, அதே ஆட்களைப் படம் எடுக்க வேண்டும். சில வாரத்தில் மூளை சுருங்காது. எனவே வரும் சராசரி வித்தியாசத்தை மிஷினின் பங்கு என்று சொல்லலாம். முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எத்தனை பேர்? அதே ஆளை இரண்டு முறை எடுத்தால் வரும் வித்தியாசத்தின் நியம விலக்கம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 4 பேரை எடுத்தால் சராசரியின் பிழை 1 சதவீதம். 16 பேர் என்றால் 0.5 சதவீதம். முதல் படியில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். தேடுவது வருடத்துக்கு 1 சதவீதம் என்றால், 4 பேரை வைத்துக்கொண்டு திருத்துவதற்குத் திருத்தாமலே விடலாம். எங்களால் பன்னிரண்டு பேரைத்தான் தேற்ற முடிந்தது.

யார்? மாணவர்கள் லேசாகக் கிடைப்பார்கள், அதனால் எல்லாரும் மாணவர்களாகவே சேர்த்துவிடுகிறார்கள். இருபத்திரண்டு வயது மூளையில் வரும் மிஷின் நகர்வும், சுருங்கி வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) விரிந்த எழுபது வயது மூளையில் வரும் நகர்வும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாதிப் பேராவது உங்கள் நோயாளிகளின் வயதில் இருக்க வேண்டும். நோயாளியோடு துணைக்கு வரும் கணவரோ மனைவியோ நல்ல தேர்வு.

அவர்களிடம் காரணத்தை விளக்குங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "போன மாசம்தானே இதே குழாய்க்குள்ள படுத்தேன், மறுபடி எதுக்குய்யா? மண்டையில ஏதும் இருக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "உங்களைச் சோதிக்கலைம்மா, மிஷினைத்தான் சோதிக்கிறோம். புதுத் தராசு வாங்கினா பழைய படிக்கல்லை வச்சுத்தானே பாப்போம்" என்றதும் சிரித்துக்கொண்டே படுத்தார். பஸ் காசும் சாப்பாடும் நீங்கள் கொடுங்கள்.

இந்தக் கூடுதல் ஸ்கேனுக்கு எத்திக்ஸ் கமிட்டியின் திருத்த அனுமதி முன்கூட்டியே வேண்டும். கதிர்வீச்சு இல்லையே என்று விட்டுவிட முடியாது. முதல் ஒப்புதல் படிவத்தில் இல்லாத ஸ்கேன் இது. அனுமதிக்கு ஆகும் நாட்களையும் ஆறு வாரத்துக்குள் அடக்க வேண்டும். ஆய்வு தொடங்கும்போதே படிவத்தில் "மிஷின் மாறினால் கூடுதலாக ஒரு ஸ்கேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுபவர்களே புத்திசாலிகள். நான் அப்போது அந்த ரகம் இல்லை.

இரண்டு ஸ்கேனும் நாளின் ஏறக்குறைய அதே நேரத்தில் இருக்கட்டும், வந்தவர்கள் தண்ணீர் குடித்திருக்கட்டும். 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களுக்கு மூளை அளவு அரை சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. நாம் தேடும் வருட மாற்றமே அவ்வளவுதான். விடிகாலை தேனியிலிருந்து பஸ் ஏறி, வழியில் பாத்ரூம் வசதி இல்லை என்று வாய்கூட நனைக்காமல் ஆரப்பாளையத்தில் வந்து இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! விரத நாட்களையும் நோன்பு மாதத்தையும் தவிருங்கள். வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரம் உட்காரவைத்து, அப்புறம் உள்ளே அனுப்புங்கள்.

7. நோயாளிகள், ஒப்பீட்டுக் குழு: யாரும் ஒரு பக்கமாக ஒதுங்கக் கூடாது

நான் பார்த்ததில் மிக மோசமான தவறு இதுதான். அதைச் செய்கிறவர்களுக்கே தெரியாமல் நடக்கும்.

நோயாளிகள் ஓபியில் தாமாக வருகிறார்கள், அவர்களை முதலில் எடுத்துவிடுகிறோம். ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமானவர்களைத் தேடுவது கடினம், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. நடுவில் மிஷின் மாறுகிறது. இப்போது நோயாளிகள் எல்லாரும் பழைய மிஷினில், மற்றவர்கள் எல்லாரும் புதியதில். இரண்டு குழுவுக்கும் இடையே தெரிவது நோயின் வித்தியாசமா, மிஷினின் வித்தியாசமா? எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. ஒரு மாணவியின் ஒன்றரை வருட உழைப்பு இப்படி முடங்கியதைப் பார்த்தேன்.

செய்ய வேண்டியது எளிது. தொடக்கத்திலிருந்தே இரண்டு நோயாளி எடுத்தால் இரண்டு ஒப்பீட்டாளர் என்று மாற்றி மாற்றி எடுங்கள். எந்தத் தேதியில் மிஷின் மாறினாலும் இரு பக்கமும் இரு குழுவும் கலந்திருக்கும்.

தொடர் ஸ்கேன்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். எல்லாருடைய முதல் ஸ்கேனும் பழையதில், இரண்டாவது ஸ்கேன் புதியதில் என்றால், "வருடத்துக்கு இவ்வளவு சுருங்கியது" என்ற எண்ணை நேரடியாகச் சொல்லவே முடியாது. காலமும் மிஷினும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் இரு குழுவும் ஒரே மாதிரி தாண்டியிருந்தால், ஒரு குழு மற்றதைவிட எவ்வளவு கூடுதலாகச் சுருங்கியது என்பதை ஓரளவு சொல்லலாம். மிஷின் இரண்டு குழுவையும் ஒரே அளவு நகர்த்தியது என்ற நிபந்தனையின் பேரில்தான் அதுவும். 6-ஆவது படியில் வயதானவர்களைச் சேர்த்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

தேதி தெரிந்தவுடன் ஒரு பெரிய தாளில் எல்லார் பெயர்க்குறியையும் எழுதி, யார் ஸ்கேன் எந்தப் பக்கம் விழுகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். சிலரை முன்னால் இழுக்கலாம். அறுவடை நேரம், திருவிழா, பேத்தி கல்யாணம் எல்லாம் குறுக்கே வரும். இழுக்கும்போது இரு குழுவிலிருந்தும் சம எண்ணிக்கையில் இழுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பக்கத்து வீதியில் இருப்பவர், நடக்க முடிகிறவர் என்று வசதிப்படி இழுத்தால் அதுவே இன்னொரு சாய்வு.

8. மாறிய பிறகு முதல் இரண்டு வாரம் ஆய்வு ஸ்கேன் வேண்டாம்

இன்ஜினியர் போனபின்னும் சின்னச் சின்னத் திருத்தங்கள் நடந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் பேன்டத்தை மட்டும் எடுங்கள். எண்கள் ஓரிடத்தில் நிலைகொண்ட பிறகு அதே பன்னிரண்டு பேரைக் கூப்பிடுங்கள். நோயாளிகள் அதற்கும் பிறகு.

பழைய ப்ரோட்டோகாலை மிஷின் தானாகவே மாற்றித் தரும் என்பார்கள். நம்பாமல், 4-ஆவது படியில் எடுத்த பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப் பாருங்கள். குறிப்பாக மூன்று இடங்கள்.

வடிவக் கோணல் திருத்தம். பழைய மிஷினில் இரு பரிமாணம் அல்லது திருத்தமே இல்லை, புதியதில் முப்பரிமாணம் என்று பொத்தான் இயல்பாகவே மாறியிருக்கும். சீமென்ஸில் படத்தின் வகை என்ற வரியில் என்.டி., டிஸ் 2டி, டிஸ் 3டி என்று இது தெரியும்.

வெளிச்சச் சமன். அதே வரியில் 'நார்ம்' என்ற சொல் முன்பு இல்லாமல் இப்போது இருந்தால், காயிலின் ஏற்ற இறக்கத்தை மிஷினே திருத்தத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் படம் கட்டும் வசதி. ஜிஇ-யில் ஏர் ரீகான் டிஎல், சீமென்ஸில் டீப் ரிசால்வ், பிலிப்ஸில் ஸ்மார்ட்ஸ்பீட். படம் கண்ணாடி மாதிரி இருக்கும், டெக்னீஷியன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நமக்கு அது இரைச்சலின் தன்மையையும் ஓரங்களின் கூர்மையையும் மாற்றிவிடுகிற இன்னொரு அப்கிரேட். உங்கள் ப்ரோட்டோகாலில் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். பெயரிலேயே "ஆய்வு - மாற்றாதீர்" என்று சேர்த்து, பூட்ட முடிந்தால் பூட்டச் சொல்லுங்கள்.

புது வசதியால் ஸ்கேன் நேரம் பாதியாகும் என்று ஆசை காட்டுவார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் வேண்டாம்.

9. எல்லாப் படத்தையும் ஒரே மென்பொருளில், ஒரே கணினியில் மறுபடி ஓட்டுங்கள்

மூன்று வருடம் முன்பு ஓட்டிய முடிவுகளைக் கோப்பிலிருந்து எடுத்து, புதியதை மட்டும் இப்போது ஓட்டிச் சேர்க்கக் கூடாது. மூளை அளவைக் கணக்கிடும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் பதிப்பும், கணினி வகையும், ஆபரேட்டிங் சிஸ்டம் பதிப்பும் மாறினாலே அளவுகள் பல சதவீதம் வரை மாறுவதை 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே படம், வேறு கணினி, வேறு எண். ஸ்கேனரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டுவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள் நிறைய.

ஒரே ஆளின் எல்லா ஆண்டுப் படத்தையும் சேர்த்து, அவருக்கென ஒரு பொது வடிவம் செய்து ஓட்டும் தொடர் முறை ஃப்ரீசர்ஃபரில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். கையால் திருத்துகிறவருக்கு எந்தப் படம் முன்னது, எது பின்னது என்று தெரியாதபடி கோப்புப் பெயரை மாற்றிக் கொடுங்கள்.

10. திருத்தும் கணக்குக்கு முன் மண்டை ஓட்டைப் பாருங்கள்

வளர்ந்தவர்களுக்கு மண்டையோட்டின் உள்ளளவு வருடத்துக்கு வருடம் மாறாது. ஆகவே அது இலவசமாகக் கிடைக்கும் சாட்சி. எல்லார் மண்டை அளவையும் தேதி வாரியாக ஒரு வரைபடத்தில் போடுங்கள். அப்கிரேட் தேதியில் ஒரு படி ஏறியோ இறங்கியோ இருந்தால், அது மிஷின்தான். மூளை அளவைச் சதவீதமாக மாற்ற இதே எண்ணால் வகுப்பது வழக்கம் என்பதால், அந்தப் படி எல்லா முடிவுக்குள்ளும் புகுந்துவிடும்.

பிறகுதான் கணக்கு. எங்களுடையதைப் போன்ற சின்ன ஆய்வுக்கு, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கருதும் கலப்பு மாதிரியில் 'மிஷின் நிலை' என்று ஒரு மாறியைச் சேர்ப்பதே பெரும்பாலும் போதும். மென்பொருள் பதிப்பும் காயிலும் சேர்ந்துதான் ஒரு நிலை. சீரியல் எண் மட்டும் போதாது, பல அப்கிரேடுகளில் அது மாறுவதே இல்லை.

காம்பேட் என்ற புள்ளியியல் திருத்த முறையை எல்லாரும் சொல்வார்கள். 2007-இல் மரபணு ஆய்வகங்களில் தொகுதிக்குத் தொகுதி எழும் பிழையைத் திருத்த வந்தது, பிறகு மூளைப் படங்களுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நல்ல கருவிதான். மூன்று எச்சரிக்கை. வயது, பால், நோய்க்குழு ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டிய மாறிகளாகக் கொடுக்காவிட்டால் நோயின் வித்தியாசத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஒரே ஆளின் பல ஸ்கேன்கள் இருக்கும்போது சாதாரண காம்பேட் அவற்றை வேறு வேறு ஆட்கள் என்று நினைத்துக்கொள்ளும். அதற்கென்று இருக்கும் தொடர் ஆய்வு வடிவத்தை எடுங்கள். மூன்றாவது, 7-ஆவது படியில் குழுக்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் காம்பேட்டும் கைவிரித்துவிடும், ஆனால் கைவிரித்ததைச் சொல்லாது. அழகான வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்.

திருத்தம் வேலை செய்ததா என்று பார்க்க அந்தப் பன்னிரண்டு பேரிடம் திரும்பிப் போங்கள். அவர்களுடைய முன்-பின் வித்தியாசம் திருத்தத்துக்குப் பிறகு பூஜ்யத்தைச் சுற்றி நிற்க வேண்டும். இதற்காகவே சிலரைத் திருத்தக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். அவர்களையும் சேர்த்துத் திருத்திவிட்டு அவர்களிடமே சோதித்தால், வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி.

11. எதைக் கைவிடுவது என்று முடிவெடுங்கள்

எல்லா அளவையும் காப்பாற்ற முடியாது. எங்கள் இரண்டாவது அப்கிரேடில் ஹிப்போகேம்பஸும் வென்ட்ரிக்கிளும் தப்பின. டிஃப்யூஷன் அளவுகள் தப்பவில்லை. காயில், கிரேடியன்ட் இரண்டும் மாறியிருந்தன, பன்னிரண்டு பேரிடம் தெரிந்த நகர்வு நாங்கள் தேடிய மாற்றத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவற்றை முன் தொகுதி, பின் தொகுதி என்று இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் மட்டும் பார்த்தோம். பேராசிரியருக்கு வருத்தம்தான்.

இந்த முடிவை நோயாளி-ஒப்பீட்டாளர் வித்தியாசத்தைப் பார்க்கும் முன்பே எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். பார்த்தபின் எடுத்தால், நமக்குப் பிடித்த முடிவைத் தரும் அளவுகள் மட்டும் "நம்பகமானவை" ஆகிவிடும்.

கட்டுரையில் அப்கிரேட் தேதி, முன்னும் பின்னும் இருந்த மென்பொருள் பதிப்பு, காயில், ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பேர், அந்தப் பன்னிரண்டு பேரின் சராசரி நகர்வு எல்லாவற்றையும் போடுங்கள். அப்புறம் டெக்னீஷியனுக்கு போன் போட்டு, அடுத்த அப்கிரேட் பேச்சு ஏதாவது காதில் விழுந்ததா என்று கேளுங்கள்.